அயர்லாந்துக்குப் போகும் கருவாடு

காரோடு,
செவ்வாய்க்கிழமை, காலைக் காப்பி கழிஞ்சு.

கர்த்தருக்குள் அன்பும் குளிருக்குள் விறையலுமாக இருக்கிற என் ஒரே தம்பி யோசுவாவுக்கு, அக்கா ரத்னபாய் எழுதுகிறது என்னவென்றால், கர்த்தருடைய கிருபையினாலும் உன் அத்தான் கனகதாசுடைய வாழைக்குலை வியாபாரத்தினாலும் இங்கே நாங்கள் யாவரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும், உன் வீட்டுக்காரியும், நீங்கள் மூணு நேரமும் தின்னுகிற ரொட்டியும் சுகமென்று நம்புகிறேன். நம்முடைய கறுத்த ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்றுக்கு உன் முகச்சாயல் உண்டு என்று அத்தான் சொல்லுகிறார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

போன் இருக்கும்போது காயிதம் எதுக்கு என்று நீ கேட்பாய். போனில் நான் உன்னை வழக்குப் பேசத் தொடங்கினால் உடனே "அக்கா, ரேஞ்ச் இல்ல, ரேஞ்ச் இல்ல" என்று கட் பண்ணுகிறாய். காயிதத்தை எப்பிடிக் கட் பண்ணுவே மக்கா? அதுக்காக்கும் எழுதுகிறேன். ஆறாம் கிளாசோடு நிப்பாட்டின படிப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படிச்ச எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கோ. நீயும் பெரிய கலெக்டருக்குப் படிச்சவன் ஒண்ணும் இல்லையே.

இனி காரியத்துக்கு வாறேன். என் மக ஷைனிக்கு ஜனவரியில் கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கிளார்க்கு வேலை, பையன் கொள்ளாம், அதிகம் பேசமாட்டான், நம்ம பெண்ணு அவனுக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளும். கல்யாணத்தன்னைக்குப் பெண்ணை வீட்டுப் படியில் இருந்து கைபிடித்து இறக்கி வண்டியில் ஏத்துகது தாய்மாமன்தான் என்பதை நான் உனக்குப் படிச்சுத் தரண்டாம், உன் மாமன் என்னை இறக்கும்போது நீ அவரு வேட்டியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வந்தவனாக்கும். நீ போகும்போது பத்தாங்கிளாசில் இருந்த பெண்ணு இப்போ சேலை எடுக்கப் பாறசாலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் பஸ்ஸு கேறி இறங்குகா. அதனாலதான் போன மாசம் உன்னைக் கூப்பிட்டு, "எலே, எப்பிடியும் வந்திரணும்"னு சொன்னேன். நீ என்ன சொன்னே? "லீவு கிட்டாது அக்கா. பின்ன, சரசம்மா சேச்சியுக்க மக ஜினு இங்க நர்ஸ் வேலைக்கு வருகால்லியா, அவ கையில கொஞ்சம் கருவாடு குடுத்துவிடு." கல்யாணத்துக்கு வாடான்னு கூப்பிட்டால் கருவாடு கேட்கிற தாய்மாமன் இந்த நெய்யாற்றின்கரை தாலூக்காவிலயும் இல்ல, அந்தப் பக்கத்து விளவங்கோடு தாலூக்காவிலயும் இல்ல. நீ ஒருத்தனாக்கும்.

அதோடு நின்னியா? மறுநாளு தொடங்கிச்சு வாட்ஸ்ஸாப்பில் உன் சத்தம். நான் கோழிக்குத் தீவனம் போடும்போது ஒண்ணு, குளிக்கும்போது ஒண்ணு, ஆலயத்தில் காணிக்கை எடுக்கும்போது ஒண்ணு. அதை அமர்த்தத் தெரியாமல் நான் அமுக்க, கோவில் முழுக்க உன் தொண்டை: "அக்கா, அவிச்சு உணக்கின மரச்சீனிக் கிழங்கு! பலாச்சக்கை வற்றல்! முந்திரிக்கொத்து!" முன் பெஞ்சில் இருந்த கிழவருகூட ஆமென் சொன்னாரு. தின்னுகதுதான் போகட்டும். தோர்த்து வேணுமாம், அங்கே உள்ள துண்டு பஞ்சுமெத்தை மாதிரி இருக்காம், முதுகு துவட்டினால் ஒரு சுகமும் இல்லையாம், நம்மூரு தோர்த்து மாதிரி கொஞ்சம் தோலு உரியணுமாம். இடுப்பில் கெட்டச் சாரம் வேணுமாம், அதுவும் புதுசு வேண்டாம், அத்தான் உடுத்துத் துவைச்சு நைஞ்ச சாரம் வேணுமாம். நாக்கு வழிக்க ஈர்க்கில் வேணுமாம். காது குடைய கோழித்தூவல் வேணுமாம், அதுவும் சேவல் தூவல். சேவலைப் பிடிக்க நான் ஓடின ஓட்டத்தை நீ பார்த்திருந்தால் அங்கேயே கெடந்து சிரிச்சுச் செத்திருப்பே. தூவல் எடுத்து வச்சிருக்கேன், காதை நல்லாக் குடைஞ்சு வை, இனிமேலாவது நான் சொல்லுகது கேக்கட்டும். பின்ன கடைசியில ஒரு வெட்கமும் இல்லாமல் கேட்டே பாரு, மீன்சட்டி! கடையில விக்குகது வேண்டாமாம், நான் வச்சுப் பழக்கின சட்டி, அடியில கறுத்துப் போன சட்டி, அதுதான் வேணுமாம். என்னைக் கெட்டின மனுஷனே அந்தச் சட்டியில கை வைக்க என்கிட்ட அனுவாதம் கேக்கணும்.

நான் இதையெல்லாம் தேடித் தேடி எடுத்து வைக்கும்போது உன் அத்தான் வாசல்படியில் உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டு சொன்னாரு, "ஏட்டி, நீ உன் தம்பியை வரவைக்கப் பாக்கியா, வராம இருக்கப் பாக்கியா?" நான் கேட்டேன், "என்னத்துக்கு அப்பிடிச் சொல்லுகிய?" அவரு சொன்னாரு, "போன வருஷம் அவன் போன்ல அழுதான்லா, கிழங்கையும் மீனையும் சொப்பனம் கண்டேன், எனக்குப் போதும், டிக்கெட் எடுக்கேன்னு. நீ உடனே ஒரு பார்சல் விட்டே. தின்னான், ஏப்பம் விட்டான், டிக்கெட்டை மறந்தான். அதுக்கு முந்தின வருஷமும் அதே கதை. எருமை பசிச்சாத்தானே தொழுத்துக்கு வரும்? அது நிக்கிய இடத்துக்கெல்லாம் நீ வைக்கோல் கொண்டு போட்டா அது என்ன மயிருக்கு வருது?" எனக்கு வந்துதே கோவம்! "என் தம்பி எருமையா?" என்று கேட்டேன். "எருமையா இருந்தா வருஷத்துக்கு ஒருக்காவது வந்திருக்குமே" என்று சொல்லிவிட்டு அவரு குலை வெட்டப் போயிட்டாரு. நீ இதைப் பெரிசா எடுக்காதே. அத்தானுக்கு உன்மேல பாசம் உண்டு, எருமை மேலயும் பாசம் உண்டு.

கருவாடு வாங்க நானே பொழியூர்க் கடப்புறத்துக்குப் போனேன். சந்தையில் விக்குகது உனக்குப் பிடிக்காதே, அதில் மணலு கடிக்குதுன்னு சொல்லுவியே. நெத்தோலியும் வாளையும், வெயிலுல நல்லாக் காய்ஞ்சது, பாத்துப் பாத்து எடுத்தேன். வரும்போது பஸ்ஸில் ஏறினேன் பாரு, நிக்க இடமில்லாத பஸ்ஸு. நான் பையை மடியில வச்சதும் பக்கத்தில் இருந்த பெண்ணு மூக்கைப் பொத்திக்கிட்டு எழும்பிச்சு. பின்ன முன்னால இருந்தவ, பின்ன பின்னால இருந்தவ. மகாராணி மாதிரி நான் தனியா ஒரு ஸீட்டு முழுக்கக் காலை நீட்டி வந்தேன். கண்டக்டர் வந்து, "சேச்சி, இதுக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றான். "அது அயர்லாந்துக்குப் போகுதாக்கும், உன் பஸ்ஸு அங்க வரை போகுமா?" என்று கேட்டேன். அவன் அப்பிடியே படியில போயி நின்னுக்கிட்டான். காரோடு முக்கில் இறங்கினதில் இருந்து வீடு வரை எனக்குப் பின்னால பூனை வரிசை. மந்திரி வந்தால்கூட இந்த ஊரில் அப்பிடி ஒரு கூட்டம் கூடாது.

இனிதான் முக்கியமான காரியம். வெளிநாடு போற பிள்ளைக்கு யாத்திரை ஜெபம் வைப்பது நம்ம சபையில் பழக்கம்தானே, நேற்று சாயங்காலம் சரசம்மா வீட்டில் வச்சாவ. ஜெபத்துக்கு வருகவ எல்லாரும் ஆளுக்கொரு பொதி கொண்டு வருகதும் பழக்கம்தானே. ஜினுவுக்க பெட்டியை அயினி மரத்துக் கொம்பில், உன் அத்தான் வாழைக்குலை தூக்குகிற தராசில் மாட்டித் தொங்கவிட்டிருந்தாவ. தராசு எங்களுடையது, அதனால் எனக்கு அங்கே கொஞ்சம் அதிகாரம் உண்டு என்பதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. விமானக்காரன் சொன்ன எடைக்கு மேலே ஒரு நெல்லிக்காய்கூடக் கூடப்பிடாது என்று ஜினு கெஞ்சுகா. யாரு கேக்குகா? பக்கத்து வீட்டு சத்யபாமா ஒரு பெரிய டப்பா சக்கை வரட்டினதோட வந்து நிக்கா, கானடாவில் இருக்கிற அவ மகன் அனூஜுக்கு. "பாமே, இவ போகது அயர்லாந்துக்கு. உன் மகன் கானடாவுலல்லியா?" என்றேன். "போற வழிதானே சேச்சி, ஒந்நு இறக்கிக் குடுத்தா மதி" என்கிறாள், பாறசாலையில் இருந்து திருவனந்தபுரம் போகிறவளிடம் நெய்யாற்றின்கரையில் ஒரு குடையை இறக்கிக் குடுக்கச் சொல்லுகது மாதிரி.

பாமா இந்துக்காரி ஆனாலும் நம்ம வீட்டு ஜெபம் ஒண்ணையும் விடமாட்டா, அது உனக்குத் தெரியும். நல்ல மனசு. அதோட, ஜெபம் கழிஞ்சு குடுக்குற முட்டை பப்ஸும் நல்லது. எப்பிடியோ, எல்லாரும் சண்டை போட்டு ஒதுக்கி, என் பொதியைப் பெட்டிக்குள் வச்சு, எடை சரியா நின்னதும் போதகர் வந்தாரு, எல்லாரும் கண்ணை மூடுங்கன்னு சொன்னாரு, நாங்களும் மூடினோம். நான் இறுக்கி மூடியிருந்தேன் தம்பி, அதனால அங்கே நடந்தது ஒண்ணும் எனக்குத் தெரியாது. பாமா மட்டும் சேலைத் தலைப்பைச் சரியாக்கிக்கிட்டு, கண்ணை ரெண்டையும் விரியத் திறந்து வச்சிருந்தது எனக்குத் தெரியாது. அவ பைய நகர்ந்து பெட்டிக்கிட்ட போனதும் எனக்குத் தெரியாது. 'சர்ர்ர்'ன்னு ஜிப்பு திறக்குற சத்தம் கேட்டுது. போதகர் யாரோ அழுது மூக்கை உறிஞ்சுகாவன்னு நினைச்சு மனசு உருகி, "ஆண்டவரே, இந்தக் கண்ணீரைப் பாரும்"ன்னு ஜெபத்தை இன்னும் நீட்டினாரு. அந்த நேரத்துக்குள்ள வேற யாரோ ரெண்டு பேரு கையும் பெட்டிக்குள்ள போயிட்டு வந்துது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து பார்த்தால் தராசு முள்ளு அணு அளவுக்கு அசையல்ல, அதே எடை. ஆனா என் கருவாட்டுப் பொதி பெஞ்சுக்கடியில கெடக்கு, அதுக்கு மேல சரசம்மா வீட்டுப் பூனை அடைகாக்குகது மாதிரி உட்கார்ந்திருக்கு!

"யாரு எடுத்தது?" என்று நான் சத்தம் போட்டேன். "ஞான் ஒந்நும் எடுத்தில்லே" என்றாள் பாமா, யாரும் அவளைக் கேட்காமலே. "நீ கண்ணைத் திறந்து வச்சிருந்தியே!" என்றேன். அவ சொன்னா, "எங்க அம்பலத்துல நடை திறக்கியது கண்ணைத் திறந்து பாக்கத்தான் சேச்சி. கண்ணை மூடினா போனது வெறுதே. ஆனா நான் திறந்து வச்சிருந்தது உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது, நீங்க மூடியில்லா இருந்திய?" கூட்டம் முழுக்கச் சிரிச்சுது. சிரிச்ச சிரிப்பைப் பார்த்தால் ஒருத்தியும் கண்ணை மூடல்லன்னு தெரிஞ்சுது.

போதகர் நல்ல மனுஷன். "சமாதானமா இருங்க, நாம இன்னொருக்க ஜெபிப்போம்"னு சொன்னாரு. இன்னொருக்க ஜெபிச்சோம். இந்தத் தடவை சரசம்மாவே, பெத்த தள்ளை, எல்லாருக்க பொதியையும் வெளிய எடுத்துப் போட்டுட்டு மகளுக்க கம்பிளிச் சட்டையைத் திணிச்சு வச்சிருக்கா. பொறுக்க முடியுமா? மூணாவது ஜெபத்துக்குப் போதகர் ஒரு வழி கண்டுபிடிச்சாரு. பெட்டி மேலயே கையை வச்சுக்கிட்டு ஜெபிச்சாரு, இனி ஒருத்தியும் திறக்க முடியாதே. எவ்வளவு நல்ல புத்தி! ஆமென் சொல்லிக் கையை எடுத்தாரு. தராசைப் பார்த்த அத்தான், "எடை ஏறியிருக்கே போதகரே" என்றாரு. திறந்து பார்த்தால் மேலாலயே ஒரு குப்பி மாங்காய் அச்சார். போதகருக்க தங்கச்சி மகன் அங்கே படிக்கிறானாம். அவரு முகம் சிவந்து போச்சு, "பிள்ளை அங்க ரொம்ப மெலிஞ்சு போனானாக்கும்" என்றாரு. பாவம். அச்சாரை நாங்க யாரும் எடுக்கல்ல.

அதுக்குப் பிறகு என்ன ஜெபம்? பப்ஸ் தின்னோம், நேரடியாவே சண்டை போட்டோம். நான் ஜினுவைப் பிடிச்சு இருத்திச் சொன்னேன், "மக்கா, உடுப்பு அங்க கிட்டும். கிழங்கும் கருவாடும் அங்க கிட்டுமா?" அவ சொன்னா, "ஆன்டி, நான் அங்க போயி இறங்கும்போ எதையாவது உடுத்தியிருக்கணுமே." "உடுத்துக்கிட்டே போ. கம்பிளிச் சட்டையை இங்கயே போட்டுக்கோ." "இங்க வேர்க்குதே ஆன்டி!" "வேர்த்தா எடை குறையும், நல்லதுதானே." அப்பிடி அவளுக்க உடுப்பு பாதியை வெளிய எடுத்து உன் கருவாட்டையும், அவிச்சு உணக்கின மரச்சீனியையும், முந்திரிக்கொத்தையும் உள்ளே வச்சேன். மீன்சட்டியை அத்தானுக்க பழைய சாரத்தில் சுத்தி, அவ கைப்பையில் வச்சாச்சு. கம்பிளிச் சட்டைக்கு நாலு சேப்பு உண்டு, நாலிலும் சக்கை வற்றல். அவ நடக்கும்போது பொருபொருன்னு ஒரு சத்தம் வருது, அவ்வளவுதான். சரசம்மா என்னோட மிண்டாட்டம் இல்ல. பரவாயில்ல, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சரியாயிரும். நீ கேட்டது எல்லாம் உண்டு, ஒண்ணும் குறையில்ல. நீ அங்க இருந்து சுகமாத் தின்னு.

கல்யாணத்தைப் பற்றி நீ ஒண்ணும் நினைக்காதே தம்பி. லீவு கிட்டல்லன்னா கிட்டல்லதான், முதலாளியோட மல்லுக்கு நிக்க முடியுமா. நீ வராவிட்டாலும் கல்யாணம் நடக்கும். பெண்ணைப் படியிறக்க அத்தானுக்க தம்பி இருக்காரு, அவருக்கு முட்டுவலி, படி இறங்கும்போது பெண்ணுதான் அவரைப் பிடிக்க வேண்டிவரும், ஆனாலும் பரவாயில்ல. போட்டோவில் எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும். எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல.

ஜினு வந்து இறங்கினதும் நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா, பிள்ளை வேர்த்து நனைஞ்சிருக்கும், குளிர் அடிக்காமல் பார்த்துக்கோ. உன் வீட்டுக்காரிக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல்லு. உன் காலுக்குக் குளிர் அண்டாமலும், உன் வயிற்றுக்கு ரொட்டி முட்டாமலும், உன் வாய்க்கு ருசி மறக்காமலும் கர்த்தர் உன்னைக் காத்துக்கொள்வாராக. அத்தானும், ஷைனியும், கறுத்த ஆடும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உனக்குச் சேவலை ஓட்டிப் பிடித்த அக்கா,
ரத்னபாய்

பின்குறிப்பு: புதன்கிழமை, விடிஞ்சு, சரசம்மா வீட்டு முத்தத்தில் வச்சு எழுதுகிறேன். மேலே எழுதினது ஒண்ணையும் நம்பாதே. ராத்திரி சோறு தின்னும்போ ஷைனி சொன்னா, "அம்மா, மாமாவைத் தொந்தரவு பண்ணாண்டாம், சித்தப்பா இறக்கிவிட்டாப் போதும்." சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. பின்ன தட்டை அப்பிடியே வச்சுட்டு எழும்பிப் போனா. அத்தான் சொன்ன எருமைக் கதை சரிதானோன்னு அப்போதான் தோணிச்சு, அவருகிட்ட இதை நீ சொல்லிப்போடாதே, பின்ன ஆளைப் பிடிச்சால் கிட்டாது. இப்போ வண்டி வந்து நிக்குது, போதகர் கடைசி ஜெபம் செய்தாரு, எல்லாரும் கண்ணை மூடினாவ, முந்தாநாளு மானம் போனதால இன்னைக்கு நிஜமாவே மூடினாவ. நான் மூடல்ல. பெட்டியைத் திறந்து உன் கிழங்கு, முந்திரிக்கொத்து, கருவாடு, தோர்த்து, தூவல் எல்லாம் வெளிய எடுத்தேன், கைப்பையில் இருந்து சட்டியையும், கம்பிளிச் சட்டைச் சேப்பில் இருந்து வற்றலையும் எடுத்தேன், ஜினுவுக்க உடுப்பெல்லாம் திரும்ப மடிச்சு வச்சேன். பாமா எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே நின்னா. சேலைத் தலைப்பை விரிச்சுப் பிடிச்சு எனக்கு மறைவு போட்டுத் தந்தா. பிள்ளை இப்போ பறவை மாதிரி லேசா நிக்கா, சரசம்மா என்னைக் கெட்டிப்பிடிச்சு அழுகா.

உனக்கு வருகது இந்தக் காயிதமும், கருவாடு பொதிஞ்சிருந்த வாழைச்சருகும் மட்டும். சருகை மூக்கோட சேர்த்து வச்சு நல்லா மோந்து பாரு. நெத்தோலியும் வாளையும் என் அடுப்புக்கு மேல தொங்குது, சட்டி கழுவிக் கவுத்தி வச்சிருக்கேன், புதுக் கிழங்கு செடி மூட்டுல மண்ணுக்குள்ள நிக்குது, நீ படியேறின பிறகுதான் பிடுங்குவேன். வாறியா, இல்ல சருகை நக்கிக்கிட்டு அங்கயே கெடக்கியா?